ஹோய்ஸ்டிங் எண்டா கோட் மேல போறதா? இல்ல

மட்டக்களப்பில ஜாவாஸ்கிரிப்ட் (வெப் பக்கங்களுக்கு கோட் எழுதுற மொழி) படிக்க வாற பொடியனுகள் எல்லாரும் மனப்பாடமா ஒண்டு சொல்லுவானுகள், "ஹோய்ஸ்டிங் எண்டா வேரியபிள் மேல போயிரும்". வேரியபிள் எண்டா ஒரு பெறுமதிய வச்சிரிக்கிற பேர். ஒரு வரியும் எங்கயும் போகாது மனே. கோட் ஓடுறதுக்கு முந்தி எஞ்சின் (கோட வாசிச்சி ஓட்டுறது) அந்தந்த ஸ்கோப்புக்குள்ள (ஒரு பேர் செல்லுபடியாகிற எல்லை) என்னென்ன பேர் இரிக்கெண்டு பதிஞ்சி வச்சிரும், மறுகாதான் வரி வரியா ஓடும், அவ்வளவுதான்.

குரோமில எஃப் 12 அமத்தி கன்சோலத் (கோட் எழுதி ஓட்டிப் பாக்கிற இடம்) திறந்து செஞ்சி பாருங்க. லெட் (let), வார் (var) ரெண்டும் வேரியபிள் உண்டாக்கிற சொல்லுகள். வெளியில லெட் போட்டு விலை = 800 எண்டு வைங்க (வேரியபிள் பேரத் தமிழில எழுதினாலும் ஓடும்). மறுகா ஒரு ஃபங்ஷன் (பேர் சொல்லிக் கூப்பிட்டா ஓடுற கோட் துண்டு) எழுதி, முதல் வரியில விலைய லொக் பண்ணுங்க (கன்சோலில காட்டச் சொல்லுங்க), ரெண்டாம் வரியில வார் விலை = 700. கூப்பிட்டா 800ம் வராது 700ம் வராது, அன்டிஃபைன்ட் (பெறுமதி இன்னும் வைக்கல்ல) எண்டு வரும். ஏனெண்டா உள்ளுக்கும் ஒரு விலை இரிக்கெண்டு முந்தியே பதிஞ்சாச்சி, 700 இன்னும் வந்து சேரல்ல. இப்ப ஃபங்ஷனுக்குள்ள இரிக்கிற வார் எங்கிறத மட்டும் லெட்டா மாத்துங்க, ரெஃபரன்ஸ் எரர் அடிக்கும். லெட்டுக்கு ஹோய்ஸ்டிங் இல்லயெண்டு சொல்றாக்கள் இதக் கவனிக்கணும், பதியாம விட்டிருந்தா வெளியில இரிக்கிற 800 எல்லோ வந்திரிக்கும்? பேர் பதிஞ்சிரிக்கு, ஆனா அந்த வரி ஓடுமட்டும் தொட ஏலாது, அதத்தான் டெம்போரல் டெட் சோன் எங்கிறது.

ஸ்கோப்ப நான் இப்பிடித்தான் சொல்லிக் குடுக்கிற. ஃபங்ஷன் ஒரு வளவு, இஃப் (நிபந்தனை), ஃபோர் (திருப்பித் திருப்பி ஓடுற லூப்) எல்லாம் அதுக்குள்ள இரிக்கிற அறைகள். வார் வளவு வேலிய மட்டும்தான் மதிக்கும், அறைக்கதவ கணக்கெடுக்காது. 2015ல வந்த லெட்டும் கான்ஸ்டும் (const, மறுகா வேற பெறுமதி வைக்க ஏலாத வேரியபிளுக்கு) அறைக்குள்ளயே நிக்கும்.

மாமாட தயிர்க் கடைக்கு பில் போடுற பக்கம் ஒண்டு செய்யக்குள்ள இதாலதான் ஒரு ராவு முழுக்க முழிச்சிக் கிடந்தன். ஃபோர் லூப்புக்குள்ள வார் விலை எண்டு எழுதி ஒவ்வொரு பட்டனுக்கும் கிளிக் வச்சா, எந்தப் பட்டன அமத்தினாலும் கடைசிச் சட்டிட விலையே வருது. எல்லாப் பட்டனும் பாக்கிறது அந்த ஒரே வேரியபிளத்தான். லெட் போட்டா ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா ஒண்டு.

ஃபங்ஷன நேரா பேர் வச்சி எழுதினா முழுசா பதியும், எழுதுறதுக்கு முந்தின வரியிலயும் கூப்பிடலாம். வாருக்குள்ள போட்டு வச்சா முந்திக் கூப்பிட ஏலாது, டைப் எரர்தான்.

நான் எல்லாத்தையும் கான்ஸ்டில தொடங்கிற, மாத்த வேணுமெண்டாத்தான் லெட். கான்ஸ்டில வச்ச அர்ரேக்குள்ள (பெறுமதிகளின்ட பட்டியல்) புஷ் பண்ணலாம் (புதுசா ஒண்டச் சேக்கலாம்), அதப் பாத்து வெருளாதீங்க, வேற அர்ரேய அந்தப் பேருக்கு வைக்கத்தான் விடாது.