பாட்டு எந்த இடத்தில் ஒட்டாமல் போயிற்று என்று கண்டறிவது எப்படி?

புதிதாக மெட்டமைத்த பாட்டை நான்கு பேருக்குப் போட்டுக் காட்டினால், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இன்னொருவர் முதல் சரணம் முடிவதற்குள் கைப்பேசியை எடுத்துவிடுவார். உடனே பாட்டைத் திருத்த உட்காருவதுதான் நம்மில் பலரும் செய்யும் பிழை. பாட்டு எந்த இடத்தில், எதனால் மனத்தில் ஒட்டாமல் போயிற்று என்பதைக் கேட்டவரிடமிருந்து தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றக் கூடாது.

முதலில் உங்கள் காதை நம்புவதை நிறுத்துங்கள். 1990இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை நடத்தினார். பலரும் அறிந்த பாடல்களின் தாளத்தை ஒருவர் விரலால் தட்டிக் காட்ட, எதிரில் இருப்பவர் அது எந்தப் பாடல் என்று சொல்ல வேண்டும். பாதியாவது கண்டுபிடிக்கப்படும் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டியவரின் மனத்துக்குள் மெட்டும் வரிகளும் சேர்ந்தே ஒலித்துக்கொண்டிருந்தன. எதிரில் இருந்தவருக்கோ வெறும் தட்டல் ஓசைதான் கேட்டது. தாம் போட்ட மெட்டை நூறாவது முறையாகக் கேட்கும் இசையமைப்பாளரும் அந்தத் தட்டியவரின் நிலையில்தான் இருக்கிறார்.

ஆகவே சோதனையை வரிகளிலிருந்து தொடங்குவது நல்லது. எழுதிய தாளைக் கொடுக்காமல் பாட்டை ஒரே முறை கேட்கச் செய்து, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். என் மெட்டு ஒன்றில் 'விடு, போகட்டும்' என்று ஒரு வரி இருந்தது. 'வி' என்ற குறிலின் மேல் நான்கு அட்சரம், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, நீளும் ஒரு ஸ்வரத்தை வைத்திருந்தேன். கேட்டவர் 'வீடு போகட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, யாருடைய வீடு என்று வேறு கேட்டார். வரி தெரிந்த எனக்கு அதுவரை அது 'விடு' என்றே ஒலித்திருந்தது. 'விடு'வைச் சட்டென்று கடந்து, 'போ' என்ற நெடிலுக்கு அந்த நீட்டத்தைக் கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. மலை மாலையாவதும் படம் பாடமாவதும் இப்படித்தான். சோகப் பாட்டில் இது நேர்ந்தால் கேட்பவர் அந்த இடத்திலேயே பாட்டை விட்டு வெளியே வந்துவிடுகிறார்.

வரிகள் தெளிவாக விழுந்தும் பாட்டு ஒட்டவில்லையென்றால், கேட்பவரின் காது எதற்குப் பழகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து எந்த ஸ்வரம் வரும், தாளம் எங்கே வந்து விழும் என்று காது ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஊகம் தள்ளிப்போவதிலும் தவறுவதிலும் நிறைவேறுவதிலும்தான் உணர்ச்சி பிறக்கிறது என்று இசையியலாளர் லியனார்ட் மேயர் 1956இலேயே விளக்கினார். ஐந்தெண்ணிக்கை நடையில் வளர்ந்தவருக்கு இயல்பாக இருக்கும் ஒரு திருப்பம், நான்காக எண்ணிப் பழகியவருக்குத் தடுமாற்றமாகவே படும். இனிமை என்பதே கூட ஓரளவு பழக்கம்தான்: மேற்கத்திய இசையை அதிகம் கேட்டிராத பொலிவியாவின் சிமானே மக்கள், இயைந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டையும் முரண்படும் ஸ்வரக்கூட்டையும் ஒரே அளவு இனிமையாக மதிப்பிட்டார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே சோதனைக்கு வருபவரிடம் அண்மையில் அடிக்கடி கேட்ட இரண்டு மூன்று பாடல்களைச் சொல்லச் சொல்லி, அவற்றின் நடையையும் வேகத்தையும் உங்கள் பாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அதைப் பாட்டின் குறை என்று எண்ண வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மீண்டும் போட்டுக் காட்டினால் போதும். பழகப் பழக விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ட்ஸ் 1968இல் ஆய்வின் மூலம் காட்டியிருக்கிறார். ஆனால் முதல் முறையிலேயே எரிச்சலடைந்தவருக்குத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், எரிச்சல்தான் கூடும்.

கேட்பவர்களைக் கூட்டமாக உட்கார வைக்கவே கூடாது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். பிறர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று பார்க்க முடிந்த எட்டுக் குழுக்களில், ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு பாடல்கள் முன்னுக்கு வந்தன. ஒருவர் தலையாட்டினால் பக்கத்திலிருப்பவரும் ஆட்டுவார். அது உங்கள் பாட்டுக்காகவா என்று தெரியாது.

காது நன்றாகக் கேட்டும், வேறு இன்பங்களை வழக்கம்போல் நுகர்ந்தும், இசையில் மட்டும் இன்பம் காணாத சிலர் இருப்பதை பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கும் அசையாத ஒருவர் அகப்பட்டால் மனம் நோகாமல் அடுத்தவரிடம் போங்கள்.

'நன்றாக இருக்கிறது' என்ற பதிலால் எந்தப் பயனும் இல்லை. கால் எப்போது தாளம் போடத் தொடங்கியது, எந்த நொடியில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அவரிடம் நினைவில் இருப்பதை முணுமுணுக்கச் சொல்லுங்கள். சரியாகப் பாடும் இடத்தைவிடத் தவறாகப் பாடும் இடமே முக்கியம். அங்கே அவர் பாடுவது, அவருடைய காது எதிர்பார்த்த மெட்டு. அதையும் உங்கள் மெட்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்து, உங்களுடைய திருப்பம் வேண்டுமென்றே வைத்ததா, கைபோன போக்கில் வந்ததா என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த ஒன்றை மட்டும் மாற்றி, பாட்டை இதுவரை கேட்டிராத புதிய ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பழையவரின் காது இதற்குள் உங்கள் பாட்டுக்குப் பழகியிருக்கும்.