டிசம்பரில் கொழும்பு: ஆறும் ஒரு கடிதமும்

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கொழும்புக்குப் பிள்ளைகளின் விடுமுறைக்குத்தானே ரிக்கெற் போடுகிறோம். அந்த நாட்களில் இரண்டு பக்கமும் வானம் சரியில்லை. 2010 டிசம்பரில் பனி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை முடக்கியது. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் உறைமழை மரங்களையும் மின்கம்பிகளையும் முறித்தது. இலங்கைப் பக்கம் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பு, 2020 டிசம்பர் 2இல் புரெவி, 2025 நவம்பர் 28இல் டித்வா. நவம்பர் கடைசியையும் டிசம்பர் முதல் வாரத்தையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

கொழும்பில் மழை விட்டதும் வெளிக்கிடாதீர்கள். மேலே பெய்தது களனி ஆற்றால் பிறகுதான் இறங்கும். நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி சிறு வெள்ளம், 7 அடி பெருவெள்ளம். ஆற்றின் மேற்பக்கம் ஹங்வெல்லவில் ஏறினால் இங்கேயும் ஏறும் என்று எடுங்கள். வெள்ளவத்தையில் கடைகள் திறந்திருக்கும் நேரத்திலேயே ஆற்றுப் பக்கத்து வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் எடுப்பதாக இருந்தால் ஓட்டுநரின் தைரியத்தை நம்பவேண்டாம். டித்வாவின்போது கலாஓயாப் பக்கம் வெள்ளத்தில் நின்ற பஸ்ஸில் இருந்தவர்களைக் கடற்படைதான் மீட்டது.

இனித்தான் உண்மையான தலையிடி: பிளைட் ரத்தானதற்கான கடிதம். இது இல்லாமல் இன்சூரன்ஸ் பொதுவாக அசையாது. விமான நிறுவனத்தின் கவுன்ரரில் கேட்டால் பயண விபரத்தை அச்சடித்துத் தந்து "இது காணும்" என்பார்கள். காணாது. நிறுவனத்தின் பெயர் அச்சடித்த கடிதத் தாளில் பிளைட் இலக்கம், புறப்படவேண்டிய நேரம், உண்மையில் புறப்பட்ட நேரம் அல்லது ரத்தான திகதி, பாஸ்போட்டில் உள்ளபடி ஒவ்வொருவரின் பெயர், காரணம் ஆகியவை இருக்கவேண்டும். காரணத்தில்தான் பிழை வரும். "செயற்பாட்டுக் காரணம்" என்று எழுதினால் காலநிலைக்கான கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்; "காலநிலை" என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தபிறகு கவுன்ரரை விடுங்கள். முத்திரை, கையொப்பம், ஒப்பமிட்டவரின் பதவி. பிறகு மின்னஞ்சலில் வரும் என்றால், கோரிக்கை இலக்கமாவது வாங்காமல் நகரவேண்டாம். லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ திரும்பியபின் அந்த விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போன் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

புயலுக்குப் பெயர் வைத்தபிறகு வாங்கிய இன்சூரன்ஸ் அந்தப் புயலுக்குப் பெரும்பாலும் செல்லாது. ரிக்கெற் போட்ட அன்றே வாங்குங்கள். ஐரோப்பிய விதி பொருந்தும் பயணம் காலநிலையால் ரத்தானால் நட்டஈடு இல்லை, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. பெரிய விமான நிறுவனத்தில் கனடாவுக்குப் போகிறவர்களுக்கு 48 மணித்தியாலத்துக்குள் வேறு இடம் தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

அடுத்தது ரசீது. தங்குமிடத்துக்குத் திகதியும் பெயரும் அச்சடித்த பில் வேண்டும். கொப்பித் தாளில் எழுதித் தருவது செல்லாது. இதில் ஒரு சிக்கல். சித்தி வீட்டில் தங்கினால் ரசீது இல்லை. ஹோட்டலில் தங்கினால் சித்தி "எங்கட வீடு காணாதோ" என்று கேட்பா, அதற்கு எந்த இன்சூரன்ஸும் இல்லை. பணம் கொஞ்சம் போகட்டும், சித்தி வீட்டில் தங்குங்கள். டித்வாவில் 600க்கு மேற்பட்டோர் செத்துப்போன நாட்டில், மூன்று இரவு ஹோட்டல் பில்லுக்குச் சண்டை பிடிக்கும்போது குரல் தானாகவே கொஞ்சம் இறங்கும்.

வருவதற்கு முன் போன் எடுத்தால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "இங்க ஒரு பிரச்சினையும் இல்லை, நீங்கள் வாங்கோ." நம்பாதீர்கள். வாசலில் எத்தனை படி தெரிகிறது என்று கேளுங்கள்.