கறுத்த வெள்ளியைத் தேய்க்காமல் பளிச்சிடச் செய்ய

கறுத்துப்போன வெள்ளிப் பொருளை, பாத்திரத்தில் விரித்த அலுமினியத் தாளைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா கலந்த கொதிநீரை அது மூழ்கும்வரை ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டால், தேய்க்காமலேயே கறுப்பு நீங்கிவிடும். அந்தக் கறுப்பு வெறும் அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டான வெள்ளி சல்பைடு. வெள்ளியைவிட வினைத்திறன் மிகுந்த அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுத்து அந்தச் சல்பைடை மீண்டும் வெள்ளியாகவே மாற்றிவிடுகிறது. மெருகுப் பொடியோ கறுப்போடு சேர்த்து வெள்ளியையும் சிறிது சுரண்டி எடுத்துவிடும் என்பதால், இந்த வழியே மேலானது. லேசான அழுகிய முட்டை நாற்றம் எழக்கூடும், ஆகவே சன்னலைத் திறந்து வைப்பது நல்லது. முத்தோ கல்லோ பதித்தவை, பசையால் ஒட்டியவை, வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்கென வேண்டுமென்றே கறுப்பேற்றியவை ஆகியவற்றுக்கு இம்முறை பொருந்தாது.