வார்பரின் எடுப்பவருக்குக் கடும் குருதிப்பெருக்கு: உடனடியாகச் செய்ய வேண்டியவை

மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ தலையில் அடிபட்டு வருபவர், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்பரின் எடுப்பவரா என்பதை, கிளினிக் கொப்பியைப் பார்த்தோ உடன் வந்தவரிடம் கேட்டோ முதலில் உறுதிசெய்யுங்கள். உயிராபத்தான குருதிப்பெருக்கெனில், குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை முடிவுக்குக் காத்திராமல் வார்பரினை நிறுத்தி, அதன் விளைவை முறிக்கும் விற்றமின் கே 5 முதல் 10 மில்லிகிராம் வரை நாளம் வழியாக, ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படக்கூடுமாதலால் 20 முதல் 30 நிமிடங்களில் மெதுவாக ஏற்ற வேண்டும். அது வேலை செய்யப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். அதை மட்டும் நம்பியிருப்பது பெருந்தவறு. நிமிடங்களில் பயன் தரும், குருதியை உறையச்செய்யும் காரணிகள் அடங்கிய உறைதற்காரணிச் செறிவே (PCC) சிறந்தது. அது கிடைக்காதபோது, குளிரில் உறையவைத்த குருதித் திரவவிழையத்தை (பிளாஸ்மா) ஒரு கிலோ உடல் நிறைக்கு 15 மில்லிலீற்றர் வீதம், அதாவது 50 கிலோ நிறையுடையவருக்கு 750 மில்லிலீற்றர், ஏற்றலாம். அதை இளக்கவே நேரம் செல்லுமாதலால் இரத்த வங்கிக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். ஏ9 வீதியால் இடமாற்றும்போது, கொடுத்த மருந்தையும் நேரத்தையும் கடிதத்தில் தவறாமல் எழுதுங்கள்.