முல்லைத்தீவின் வானில் கடற்கோளின் தடத்தைத் தேடும் முறை

2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கரையை அழித்த கடற்கோள் வங்கக் கடலைக் கடந்தபோதே மேல் வளிமண்டலத்திலும் தடம் பதித்தது. கடல்மட்டம் உயர்ந்து தாழ்கையில் காற்றில் எழும் அலை, காற்று ஐதாக ஐதாகப் பெருகி, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தில், அயன் மண்டலம் எனப்படும் மின்னேற்றமுள்ள காற்றடுக்கிலுள்ள இலத்திரன்களை அசைக்கிறது.

அதைக் காண, பனைகள் வானை மறைக்காத பாடசாலைக் கூரையொன்றில் இரு அலைவரிசை ஜிபிஎஸ் வாங்கியைப் பொருத்துங்கள்; கைபேசியிலுள்ள சாதாரண வாங்கி போதாது. 1575.42, 1227.60 மெகாஹேர்ட்ஸ் சமிக்ஞைகள் அயன் மண்டலத்தில் வெவ்வேறளவு தாமதமடைவதால், அவற்றின் வேறுபாட்டை 30 செக்கனுக்கு ஒருமுறை பதிந்தால் பாதையிலுள்ள இலத்திரன்களின் அளவு மாறுவதைக் கணிக்கலாம். கிழக்கே தாழ்ந்து நிற்கும் செய்மதிகளையே முதலில் கவனியுங்கள். அவற்றின் சமிக்ஞை கரைக்கு அப்பால், கடலுக்கு மேலே அம்மண்டலத்தைக் கடந்து வருகிறது.

பின்னர் நாளாந்த மெதுவான ஏற்றத்தாழ்வை வடிகட்டி, 10 முதல் 30 நிமிட அலைவுகளை மட்டும் பிரித்தெடுங்கள். நிலநடுக்கத்தின் ஒலியலை சுமார் 10 நிமிடத்தில் மேலே சேரும். கடற்கோளின் அலைக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆகவே, கடல் உள்வாங்கினால் கருவியைப் பார்த்து நிற்காமல் உடனே உள்நாட்டுக்குச் செல்லுங்கள்.

முல்லைத்தீவு அடங்கிய வன்னி, புவியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சூரியன் மறைந்தபின் அயன் மண்டலத்தில் தோன்றும் இயல்பான குழப்பங்களும் இதேபோல் தெரியலாம்; பல செய்மதிகளில் ஒரே வேகத்தில் நகரும் அலையை மட்டுமே நம்புங்கள்.