வீட்டில் ஒரே போன், சாட்டில் யார் யாரோ

வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் பிள்ளைக்கென்று தனி போன் இருக்காது. அப்பா வேலை முடிந்து வந்ததும் அவர் போன் பிள்ளை கைக்குப் போகும். ஜிபே, டியூஷன் குரூப், கேம் எல்லாம் அதே போனில்தான். பிள்ளையிடம் பேச்சுக் கொடுக்க வரும் முன்பின் தெரியாதவர் மெசேஜும் அதில்தான். அதனால் சாட் செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் பணத்தைப் பூட்டுங்கள். பணம் அனுப்பும் ஆப்புக்கு லாக் போடுங்கள். யூபிஐ பின் பிள்ளைக்குத் தெரியுமென்றால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்து வாட்ஸப். செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய், குரூப்ஸ் என்பதில் 'மை கான்டாக்ட்ஸ்' வையுங்கள். 'எவ்ரிஒன்' என்று இருந்தால் நம்பர் கிடைத்த எவரும் பிள்ளையை ஏதாவது குரூப்பில் இழுத்துப் போடலாம். புரொபைல் போட்டோவுக்கும் லாஸ்ட் சீனுக்கும் அதேதான். கால்ஸ் பகுதியில் 'சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்' போட்டால் தெரியாத நம்பரிலிருந்து வரும் கால் ஒலிக்காது. ஆனால் மெசேஜ் வரத்தான் செய்யும், அதை இது தடுக்காது. 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் லாக் அவுட் கொடுங்கள். டியூஷன் குரூப்பிலும் டீம் குரூப்பிலும் உள்ள எல்லோருக்கும் நம்பர் தெரியும் என்பதால், அங்கே பெற்றோர் நம்பரைக் கொடுப்பதே நல்லது.

இன்ஸ்டாகிராமில் சிக்கல் பிறந்த வருஷத்தில் இருக்கிறது. உண்மையான வருஷத்தைப் போட்டிருந்தால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டீன் அக்கவுன்ட் கிடைக்கும். அது பிரைவேட்டாகவே இருக்கும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். பசங்களோ 2000 என்று தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள், அதோடு இந்தப் பாதுகாப்பு போச்சு. அக்கவுன்ட்ஸ் சென்டரில் பர்சனல் டீடெய்ல்ஸ் பகுதியில் பிறந்த தேதியைப் பாருங்கள். டெலிகிராமில் போன் நம்பர் யாருக்குத் தெரியும் என்ற இடத்தில் 'நோபடி' வையுங்கள்.

செட்டிங்ஸ் எல்லாம் கால் மணி நேர வேலை. ஆள் எப்படிப் பேச்சை வளர்ப்பான் என்று பிள்ளைக்குக் காட்டுவதுதான் பெரிய வேலை. வியாசர்பாடியில் பந்து விளையாடும் பையன் ஜெர்சி போட்ட போட்டோவை இன்ஸ்டாவில் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மெசேஜ் இந்த வரிசையில் வரும்:

"தம்பி, செமையா ஆடுற. செலக்‌ஷனுக்கு ஆள் பாக்குறோம்."
"இன்ஸ்டா வேணாம், டெலிகிராம் வா."
"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"
"ஃபிட்னஸ் பாக்கணும், சட்டை இல்லாம ஒரு போட்டோ அனுப்பு. வீட்ல இப்ப சொல்லாத."

நான்காவது வரியில் விழித்துக்கொண்டால் தாமதம். இரண்டாவது வரியிலேயே நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள். நிஜமான செலக்‌ஷன் என்றால் கோச் மூலமாகவோ பெற்றோரிடமோ பேசுவார்கள். கேமில் இதே ஆள் "யூசி தரேன், டைமண்ட் தரேன், உன் ஐடி பாஸ்வேர்ட் குடு" என்று வருவான் (யூசி, டைமண்ட் என்பது கேமுக்குள் பொருள் வாங்கும் காசு). பெண் பிள்ளையை மட்டும் கண்காணித்துவிட்டுப் பையனைச் சும்மா விடும் வீடுகள் அதிகம். ஒத்த வயதுப் பெண் மாதிரி டிபி வைத்துப் பேசி, வீடியோ காலைப் பதிவு செய்து மிரட்டும் கும்பல் பெரும்பாலும் தேடுவது பையன்களைத்தான்.

மிரட்டுகிறவனுக்கு முதலீடு அந்தப் படம் மட்டுமல்ல, "வீட்ல தெரிஞ்சா போன புடுங்கிடுவாங்க, அடி விழும்" என்ற பிள்ளையின் பயமும்தான். அதனால் பிரச்சனை வருவதற்கு முன்பே, சாப்பிடும்போதோ பஸ்ஸிலோ, ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "எது வந்தாலும் என்கிட்ட காட்டு. நீயே போட்டோ அனுப்பியிருந்தாலும் சரி. திட்ட மாட்டேன், போன புடுங்க மாட்டேன்." சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒரு தடவை பிடுங்கிவிட்டால் அடுத்த தடவை உங்கள் காதுக்கு எதுவும் வராது.

மிரட்டல் வந்துவிட்டால் செய்யும் வரிசை முக்கியம்:

1. பதில் போடுவதை நிறுத்துங்கள். பணம் அனுப்பாதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான்.
2. மிரட்டல் மெசேஜ், நம்பர், யூசர்நேம், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். யூசர்நேமை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் புரொபைல் லிங்க்கையும் காப்பி செய்து வையுங்கள். தானாக அழியும் மெசேஜ் என்றால் இன்னொரு போனால் படம் எடுங்கள்.
3. அதற்குப் பிறகுதான் ரிப்போர்ட், பிளாக். வாட்ஸப்பில் ரிப்போர்ட் கொடுக்கும்போது சாட்டையும் சேர்த்து அழிக்கும் டிக் வந்தால் அதை எடுத்துவிடுங்கள்.
4. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். யூபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பிள்ளையின் அந்தரங்கப் படம் என்றால் அதை 'ஆதாரம்' என்று மாமாவுக்கோ டீச்சருக்கோ ஃபார்வர்ட் செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி அப்படி அனுப்புவதே குற்றம். படம் இருக்கும் அதே போனைப் போலீசிடம் காட்டினால் போதும். படம் நெட்டில் பரவுமோ என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படத்தின் டிஜிட்டல் அடையாளத்தை உங்கள் போனிலேயே உருவாக்கி அதை மட்டும் அனுப்பும், படம் போனை விட்டு வெளியே போகாது. இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

புகார் கொடுக்கக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, அவசரம் என்றால் 112. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். நேரில் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். "ஸ்டேஷன் வாசல் ஏறினா ஏரியா பூரா தெரிஞ்சிடும்" என்று தயங்குகிறவர்களுக்கு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதியலாம், பதியும் போலீஸ் சீருடையில் வரக்கூடாது, பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையோ டிவியோ வெளியிடக்கூடாது. "இந்த ஆள்கிட்ட ஜாக்கிரதை" என்று தெரு குரூப்பில் எச்சரிக்கை போடும்போதும் பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.