விக்கிப்பீடியாவின் ஒரு வரியைச் சரிபார்ப்பது எப்படி?

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று கேட்பவர்களிடம், கட்டுரை முழுவதையும் நம்பவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம், உங்களுக்குத் தேவையான அந்த ஒரு வரியை மட்டும் சரிபாருங்கள் என்றே சொல்வேன். 2005இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநர்களிடம் தந்து ஒப்பிட்டபோது, விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 123 பிழைகளும் தென்பட்டன. இடைவெளி பலர் நினைத்ததைவிடக் குறைவுதான். ஆனால் நீங்கள் எடுத்தாளும் வரி அந்தப் பிழைகளுள் ஒன்றா என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது.

முதலில் அந்த வரியின் அடிக்குறிப்பு எண்ணைச் சொடுக்கி, மூலத்தைத் திறந்து படியுங்கள். அடிக்குறிப்பு இருப்பதே போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் '1887' என்று எழுதி நல்ல நூலொன்றைச் சான்று காட்டியிருப்பார். பின்னர் வந்த இன்னொருவர் அதை '1878' என்று மாற்றிவிட்டுப் போயிருப்பார். சான்று மட்டும் அதே இடத்தில் நிற்கும். மூலத்தைத் திறக்காத வாசகருக்கு இது ஒருபோதும் தெரியவராது. இணைப்பு செயலிழந்திருந்தால், அந்த முகவரியைப் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணையக் காப்பகத்தில் (archive.org) இட்டுப் பழைய படி கிடைக்கிறதா என்று தேடுங்கள். 'மேற்கோள் தேவை' என்ற குறிப்புள்ள வரியை வேறிடத்தில் உறுதிசெய்யும்வரை எடுத்தாள வேண்டாம்.

அடுத்து, மூலம் வெளியான நாளையும் அந்தத் தகவல் கட்டுரையில் சேர்ந்த நாளையும் ஒப்பிடுங்கள். என் பார்வையில் மிக முக்கியமான படி இதுவே. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர், கோவாட்டி என்ற விலங்குக்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றொரு பெயரும் உண்டு என்று விளையாட்டாக எழுதிவைத்தார். அதைப் படித்த செய்தியாளர்கள் அப்பெயரைப் பயன்படுத்தினார்கள். பிறகு அத்தகைய செய்தியொன்றே கட்டுரையில் சான்றாக ஏறியது. பொய் தனக்குத் தானே சாட்சியானது இப்படித்தான். எனவே கட்டுரையின் 'வரலாறு' பக்கத்தில் பழைய பதிப்புகளைத் திறந்து, தகவல் எப்போது நுழைந்தது என்று பாருங்கள். மூலம் அதற்குப் பிந்தியதாக இருந்தால், முந்தைய வேறொரு மூலம் கிடைக்கும்வரை அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

அதே பக்கத்தில் எத்தனை பேர் தொகுத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். பலர் கண்காணிக்கும் கட்டுரையில் விஷமத் தொகுப்புகள் பெரும்பாலும் விரைவில் நீக்கப்படுகின்றன. அதிகம் படிக்கப்படாத கட்டுரைகளில் அப்படியில்லை. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய், 2005இல் ஏறக்குறைய நான்கு மாதங்கள் அவரைப் பற்றிய கட்டுரையில் கிடந்தது. வாழும் மனிதரைப் பற்றிய பழிச்சொல் எதையும் நம்பகமான மூலத்தில் நேரில் பார்க்காமல் பகிர வேண்டாம். அதனால் புண்படுபவர் உண்மையான ஒருவர்.

சர்ச்சைக்குரிய பொருளாயின் 'உரையாடல்' பக்கத்தையும் படியுங்கள். கட்டுரையில் இடம்பெறாத மறுப்புகள் அங்கே இருக்கலாம். வேறு மொழிக் கட்டுரையும் அதையே சொல்கிறது என்பதைத் தனிச் சான்றாக எண்ண வேண்டாம், ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக இருக்கக்கூடும்.

சரிபார்த்தபின் மேற்கோள் காட்டும்போது இயன்றவரை மூலத்தையே காட்டுங்கள். கட்டுரையைத்தான் காட்ட வேண்டுமென்றால், 'நிலையான தொடுப்பு' என்பதைச் சொடுக்கிக் கிடைக்கும் முகவரியைத் தாருங்கள். நீங்கள் படித்த அதே பதிப்பு பிறருக்கும் திறக்கும். பிழையைக் கண்டுபிடித்திருந்தால், 'தொகு' பொத்தானை அழுத்தி, சான்றுடன் அன்றே திருத்திவிடுங்கள்.